இறக்கை முளைத்தவரும் கொம்பு முளைத்தவரும்

விமானத்தில் ஏறினால் மனிதனுக்கு இறக்கை முளைக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் சிலருக்கு இறக்கையோடு கொம்பும் சேர்ந்து முளைத்து விடுகிறது! இறக்கை, கீழே இறங்கியதும் உதிர்ந்து விடும். கொம்பு உதிர்வதில்லை.

விமானப் பயணத்தில் ஒழுங்கு கெட்டு விட்டது என்ற கூக்குரல் உலகெங்கும் கேட்கிறது. கூக்குரலில் பொய்யில்லை. 2021-ஆம் ஆண்டில் 835 பறப்புகளுக்கு ஒன்று என்றிருந்த தகராறு, 2022-ஆம் ஆண்டில் 568 பறப்புகளுக்கு ஒன்று என்று பெருகியதாகப் பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம் கணக்குச் சொல்லிற்று. சொன்னதைக் கேளாமை, ஏச்சுப் பேச்சு, குடிவெறி ஆகிய மூன்றுமே முன்னணியில் நிற்பதாகவும் சொல்லிற்று. கணக்கை ஏற்கிறோம். ஆனால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சில கனவான்கள் ஒரு தீர்ப்பும் எழுதி விடுகிறார்களே! "கட்டணம் மலிந்தது, கண்டவனெல்லாம் ஏறுகிறான், அதனால் வந்த வினை இது" என்கிறார்களே! அந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

யார் அந்தக் கண்டவன்?

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் போகும் பாதையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். அந்த ஊரிலிருந்தோ, அதைப் போன்ற ஆயிரம் ஊர்களில் ஒன்றிலிருந்தோ, கம்பி கட்டவும் கொத்து வேலைக்கும் கடல் கடந்து போகிறானே ஒரு தம்பி, தாயின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து டிக்கெட் வாங்கினானே, அவன்தான் கண்டவன்!

அண்மையில் அந்த ஊர்த் தேநீர்க் கடையில் தோழர்கள் சிலரோடு பேசிக் கொண்டிருந்தோம். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய ஒருவர் சொன்னார்: "மொத தபா ஏறனப்போ பெல்ட்டு போடத் தெரியாம முழிச்சேன்ணே. பக்கத்துல இருந்த ஆளு சிரிச்சாரு. சொல்லிக் குடுக்கல." அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. நமக்கும் அது உறுத்துகிறது. ஆகவே, யார் ஒழுங்கு கெட்டவர் என்ற கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

2017 மார்ச் 23. புனேயிலிருந்து டில்லி வந்த ஏர் இந்தியா விமானம். உள்ளே வீற்றிருந்தவர் ரவீந்திர கெய்க்வாட், சிவசேனாவின் நாடாளுமன்ற உறுப்பினர். தமக்கு உயர்வகுப்பு இருக்கை வேண்டுமென்றார். அந்த விமானத்திலோ உயர்வகுப்பே கிடையாது, அத்தனையும் சாதாரண இருக்கைகள். இல்லாத இருக்கையை எங்கிருந்து கொண்டு வருவது? டில்லியில் இறங்க மறுத்து உட்கார்ந்து கொண்டார். பேச வந்த 60 வயது அலுவலரைச் செருப்பால் அடித்தார். 25 முறை அடித்ததாகச் செய்தியாளர்களிடம் தாமே சொல்லிக் கொண்டார். இவரை ஏற்ற மாட்டோம் என்று விமான நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து நின்றன. இரண்டு வாரம் சென்றது. வருத்தம் தெரிவித்தார், அமைச்சகம் சொல்லிற்று, தடை நீங்கிற்று.

அதே ஏப்ரல் 27-ஆம் நாள், சிம்லாவில், மலிவு விமானத் திட்டத்தின் முதல் பயணத்தைத் தொடங்கி வைத்தார் பிரதமர் மோடி. ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறக்கக் காண வேண்டும் என்பது தம் ஆவல் என்றார். செருப்பு ஒரு மாதம் முன்னதாகவே பறந்து விட்டதே! அணிந்திருந்தவர்தான் ஏழையல்ல.

அந்த அமளிக்குப் பிறகுதான் 2017 செப்டம்பரில் விதி பிறந்தது. வாயால் வம்பு செய்தால் மூன்று மாதம் வரை பறக்கத் தடை. கை வைத்தால் ஆறு மாதம் வரை. உயிருக்கு உலை வைக்கும் செயல் என்றால் குறைந்தது இரண்டாண்டு. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு விசாரித்து, 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நல்ல விதி. குறை சொல்ல மாட்டோம். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் செருப்பிலிருந்து பிறந்த விதி என்பதை மட்டும் மறக்க மாட்டோம்.

2022 நவம்பர் 26. நியூயார்க்கிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தில், உயர்வகுப்பில், மூதாட்டி ஒருவர் மீது குடிபோதையில் சிறுநீர் கழித்ததாக ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார். அவர் கம்பி கட்டப் போனவரல்ல. பன்னாட்டு வங்கி ஒன்றின் இந்தியப் பிரிவில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். அவருக்கு நான்கு மாதத் தடை, விமான நிறுவனத்துக்கு 30 லட்ச ரூபாய் அபராதம். இதற்கு மேல் இதை விவரிக்கப் பேனா கூசுகிறது.

இன்னொன்று நம் வீட்டு வாசலிலேயே நடந்தது. 2022 டிசம்பர் 10. சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட இருந்த இண்டிகோ விமானம், தரையில் நிற்கும்போதே அவசர வழிக் கதவு திறந்து கொண்டது. கதவா தானாகத் திறந்தது? பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பெங்களூரு தெற்குத் தொகுதியின் பா.ஜ.க. உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா. உடன் சென்றவர் அக்கட்சியின் அன்றைய தமிழ்நாட்டுத் தலைவர் அண்ணாமலை. கட்டாயச் சோதனைகளை முடித்துக்கொண்டு விமானம் தாமதமாகக் கிளம்பிற்று. நாட்டுக்கு இந்தச் செய்தி எப்போது தெரிந்தது? ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, 2023 ஜனவரி நடுவில்! தவறுதலாக நேர்ந்தது, மன்னிப்புக் கேட்டு விட்டார் என்று விமானத்துறை அமைச்சர் சிந்தியா கதையை முடித்து வைத்தார்.

தவறுதலாகவே இருக்கட்டும். கை பட்டு விட்டது என்றே கொள்வோம். நாம் கேட்பது வேறு. மாகறல் தம்பியின் கை பட்டிருந்தால்? 2023 செப்டம்பரில் டில்லியிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில் ஒரு பயணி அவசரக் கதவைத் திறக்க முயன்றார் என்று, இறங்கியதும் அவரைப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைத்தார்கள். அது வானத்தில் நடந்தது, இது தரையில் நடந்தது. அந்த வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் பெயர் ஊர் தெரியாத ஒருவன் தரையில் அந்தக் கதவைத் திறந்திருந்தால், ஒரு மன்னிப்போடு போயிருக்குமா? ஒரு மாதம் எவருக்கும் தெரியாமல் இருந்திருக்குமா? அன்று மாலையே தொலைக்காட்சியில் அவன் முகம் வந்திருக்கும், அடியில் அவன் ஊர்ப் பெயரும் வந்திருக்கும்!

2009-ஆம் ஆண்டில், மத்திய அமைச்சராயிருந்த சசி தரூர், விமானத்தின் சாதாரண வகுப்பை மாட்டு வகுப்பு என்று எழுதிப் பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆங்கிலத்தில் வழங்கும் விளையாட்டுப் பேச்சு அது என்று விளக்கமும் வந்தது. இருக்கலாம். விளையாட்டிலும் மாடு யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் வருவதில்லை.

இது புதுப் பேச்சா? ரயில் வந்தது, எல்லோரும் ஏறலாம் என்றார்கள். ஏறினோம். ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் பார்ப்பனருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம்! பெரியாரும் இயக்கத்தாரும் முழங்கி, 1941-இல்தான் அந்தத் தடுப்பு அகன்றது. பஸ் வந்தது. ஆதிதிராவிடருக்கு இடமில்லை என்றான் பஸ் முதலாளி. ஏற்றாவிட்டால் உரிமம் போகும் என்று ஆணையிட்டார், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த ஊ. பு. அ. சவுந்தரபாண்டியனார். வண்டி எதுவாயினும், புதிதாக ஏறியவனைப் பார்த்து முகம் சுளிக்கும் வழக்கம் வண்டியை விட மூத்தது.

இவ்வளவும் சொன்னதால், நம்மவர் செய்வதெல்லாம் சரி என்று கைதட்டி விட்டுப் போவோம் என்று எண்ண வேண்டாம். தோழர்களே, கொஞ்சம் காது கொடுங்கள்.

பஸ் நிலையத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். காரணம் உண்டு. வண்டி குறைவு, கூட்டம் அதிகம். துண்டு போடாதவன் உத்திரமேரூர் வரை நின்றுதான் போக வேண்டும். ஆனால் விமானத்தில் இருக்கை எண் சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அதை எவரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிறகு ஏன் தள்ளுமுள்ளு? சக்கரம் தரையைத் தொட்டதும் பாதிப்பேர் எழுந்து நின்று மேற்பெட்டியைத் திறக்கிறோமே, கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதே! ஓடிக்கொண்டிருக்கும் விமானம் சட்டென நின்றால், நிற்பவன் விழுவான், பெட்டி அடுத்தவன் தலையில் விழும். 2025 மே மாதத்தில், இப்படி எழுந்து நிற்பவருக்கு அபராதம் என்று துருக்கி நாடே சட்டம் பேசத் தொடங்கிற்று. ஆக, இந்த அவசரம் தமிழனின் தனிச்சொத்து அல்ல. உலகத்துக் கோட்டும் சூட்டும் கூட எழுந்து நிற்கின்றன.

விமானத்தில் சொல்லும் விதிகளை வெள்ளைக்காரன் விட்டுப்போன மேசை நாகரிகம் என்று எண்ணி விடக் கூடாது. முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பது போன்ற வெட்டி ஆசாரமல்ல இவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் காரணம் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மறைப்பைத் திற என்கிறார்கள். எதற்கு? வெளியே தீயோ புகையோ தெரிந்தால் உடனே காண்பதற்கு, கண் வெளி வெளிச்சத்துக்குப் பழகியிருப்பதற்கு. சாய்ந்த இருக்கையை நிமிர்த்து, மேசைப் பலகையை மடக்கு என்கிறார்கள். எதற்கு? பின்னால் இருப்பவன் ஓடி வெளியேற வழி வேண்டுமே, அதற்கு. ஒரு விமானம் பறக்கத் தகுதி பெற வேண்டுமானால், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 வினாடியில் அத்தனை பேரையும் வெளியேற்ற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டும். வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம்!

பெல்ட்டையும் அவ்வாறே எண்ணுங்கள். 2024 மே மாதத்தில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் நடுவானில் குலுங்கிற்று. பெல்ட் அணியாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். கார் பெல்ட்டைக் கழற்றப் பொத்தானை அமுக்க வேண்டும். விமானத்தில் மூடியைத் தூக்க வேண்டும். இது தெரியாமல், தீப்பற்றிய நேரத்தில் அமுக்கிக் கொண்டேயிருந்தால் என்ன ஆகும்? மாகறல் தோழரைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெரிய மனிதர், இதை ஒரு நொடியில் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

2016 ஆகஸ்ட் 3-ஆம் நாள், திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுதளத்தில் மோதிச் சறுக்கிற்று. உள்ளே 300 பேர், எங்கும் புகை. பையை விட்டுவிட்டுக் குதியுங்கள் என்று பணியாளர்கள் கத்துகிறார்கள். பயணிகளோ மேற்பெட்டியைத் திறந்து பைகளை இழுக்கிறார்கள். உள்ளே எடுத்த அந்தப் படக்காட்சியை உலகம் பார்த்தது, எள்ளி நகைத்தது. 300 பேரும் உயிர் தப்பினார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் வெடிப்பில் மாண்டார்.

நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. அந்தப் பைக்குள் என்ன இருந்திருக்கும்? பாஸ்போர்ட் இருந்திருக்கும். வேலைக்கான தாள் இருந்திருக்கும். அது போனால் வேலை போகும், வேலை போனால் ஊரில் வட்டி ஏறும். பை என்றா அதைச் சொல்வது? அவன் குடும்பமே அதற்குள் இருந்தது! ஆயினும் சொல்கிறோம்: விட்டு விட வேண்டும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது எரியட்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொன்றோடு மோதித் தீப்பிழம்பாயிற்று. அதிலிருந்த 379 பேரும் தப்பினர். அறிவிப்புக் கருவி பழுதாகி விட்டது. பணியாளர்கள் கையொலிபெருக்கியில் கூவினார்கள். பயணிகள் கேட்டார்கள், கைப்பெட்டிகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். ஜப்பானியருக்கு இரத்தத்திலேயே ஒழுங்கு ஊறியிருக்கிறது என்று நம் ஏடுகள் மெச்சின. இரத்தத்தில் ஒழுங்கும் இல்லை, ஒழுங்கீனமும் இல்லை. பிறப்பில் உயர்வு தாழ்வு பேசும் கதையை வேறு உருவில் நம்மிடமே விற்கிறார்கள். அந்த மக்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னார்கள், அவர்களும் செய்தார்கள்.

அந்த இடத்துக்குத்தான் வருகிறோம். நம்மவனுக்கு எந்த மொழியில் சொல்கிறார்கள்?

சென்னையில் ஏறி மதுரையிலோ திருச்சியிலோ இறங்கும் விமானம். ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். பணிப்பெண் முன்னே நின்று பெல்ட்டைக் காட்டுகிறார், கதவைக் காட்டுகிறார். காதில் விழுவதோ பல விமானங்களில் இந்தி, அடுத்தது ஆங்கிலம். உயிர் காக்கும் செய்தி ஊமைக் கூத்தாக நடந்து முடிகிறது! பிறகு, இவன் சொன்னதைக் கேட்பதில்லை என்று புள்ளிவிவரத்தில் சேர்க்கிறார்கள். கேட்கவில்லையா, விளங்கவில்லையா?

2020 ஆகஸ்டில், சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியைப் பார்த்து, நீங்கள் இந்தியர்தானா என்று கேட்டார் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவர். 2023 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், சென்னைக்கு வர நின்ற தமிழ்ப்பெண் ஒருவருக்கும் இந்தியைப் பற்றிய இதே பாடம் நடந்தது, முதலமைச்சர் கண்டித்தார். எம்.பி.க்கே இந்த உபசாரம் என்றால் எங்கள் கொத்தனாருக்கு என்ன உபசாரம் கிடைக்கும்? 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: பாரதிய வாயுயான் அதிநியம்! சட்டத்தின் பெயரை உச்சரிப்பதற்கே நமக்கு வாத்தியார் தேவைப்படுகிறார்.

மாகறலுக்கு அருகே, உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு நிற்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. குடவோலையில் யார் பெயர் எழுதலாம், யார் பெயர் கூடாது என்று சுவரில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது, அவன் உறவினனும் ஆகாது! அது பார்ப்பனர் சபை, நம் பாட்டனுக்கு அதில் இடமில்லை. அந்தப் பெருமையைப் பேச நாம் வரவில்லை. ஆனால் விதியைத் தமிழில் வெட்டினார்கள் என்பதைப் பாருங்கள். உளிக்கு இருந்த தமிழ், ஒலிபெருக்கிக்கு இல்லாமற் போனதேன்? முடியாத காரியமும் அல்ல. 2020-இல் ஒரு தமிழ் விமானி, சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கையில், கீழே காவிரி, அதோ கொள்ளிடம் என்று தமிழில் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள், தமிழ்நாடே அதைக் கேட்டு மகிழ்ந்தது. விமானம் ஒன்றும் தடுமாறவில்லை.

நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதைச் சற்றுக் கடிந்தே சொல்வோம்.

விமானப் பணிப்பெண் யார்? விரலைச் சொடுக்கிக் கூப்பிட, அனுமதியின்றிப் படமெடுக்க, பக்கத்து நண்பனிடம் கண்சிமிட்டிக் கமென்ட் அடிக்க அங்கே நிறுத்தி வைத்த பொம்மையா? அவர் தொழிலாளி. கூலிக்கு உழைப்பவர். 2022 டிசம்பரில் இஸ்தான்புலிலிருந்து டில்லி வந்த விமானத்தில், உணவுத் தகராறில் கூச்சலிட்ட பயணியைப் பார்த்து, தாம் ஊழியர், உங்கள் வேலைக்காரி அல்ல என்று சொன்னார் ஒரு பணிப்பெண். அந்தப் பதிலைக் கேட்டுச் சிலர் அடக்கமில்லை என்றார்கள். நாம் அதில் சுயமரியாதையைக் கேட்டோம். முதல் முறை கருவுற்றாலே வேலையை விட்டுப் போக வேண்டும் என்று ஏர் இந்தியாவில் விதி வைத்திருந்தார்கள். வழக்காடி, 1981-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த விதியை அடித்து வீழ்த்திய பெண்களின் வழியில் வந்தவர் அவர். ஆலையில் மேஸ்திரி நம்மை ஏக வசனத்தில் அழைத்தால் சங்கம் கூடுகிறோம். அதே வாயால் இன்னொரு தொழிலாளியை "ஏய்" என்று அழைக்கலாமா?

தலைவர்கள் வந்திறங்கும் நாட்களில் மீனம்பாக்கம் வாசலில் மேளமும் சால்வையுமாகத் திரண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெட்டியை இழுத்து வரும் தாய்க்கு வழி விடாமல் நிற்கும் அன்பர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எந்தக் கட்சிக் கொடி என்று அந்தத் தாய் பார்ப்பதில்லை. வழி மறித்தான் என்று மட்டுமே பார்க்கிறாள்.

காஞ்சி மாவட்டத்துப் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. நிலத்தை விட மாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் எழுந்ததும், அந்த வழக்கும், தனியாகப் பேச வேண்டிய பெரிய செய்தி. இன்னொரு நாள் பேசுவோம். பரந்தூரோ மீனம்பாக்கமோ, விமானம் ஏறப் போகிறவர்களில் நம்மவர்கள் ஆண்டுக்காண்டு கூடுவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆகவே ஊர்ப் படிப்பகங்களில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். கடல் கடந்து போய் வந்தவர்கள், போகப் போகிறவர்களுக்குப் பெல்ட்டையும் கதவையும் சீட்டையும் பற்றிச் சொல்லட்டும். தெரிந்தவர் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும்.

விமான நிறுவனங்களையும் டில்லி அமைச்சகத்தையும் கேட்பது அதை விடச் சிறிது. தமிழ்நாட்டு நிலையங்களிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும், இங்கே வந்து இறங்கும் ஒவ்வொரு விமானத்திலும், பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் ஒலிக்க வேண்டும். இருக்கைப் பையில் செருகியிருக்கும் படத்தாளில் தமிழ் எழுத்து இருக்க வேண்டும். தனி ஆள் வேண்டாம், தனி இலாகா வேண்டாம். ஒரு முறை பதிவு செய்தால் ஆண்டுக் கணக்கில் ஒலிக்கும். விமானம் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகும் நேரத்துக்குள் அந்தப் பதிவையே முடித்து விடலாம்.